அரக்கு தமிழ் இல்லை. அதற்கேன் இவ்வளவு கோபம்?

சாராயத்தைக் குறிக்கிற அரக்கு என்ற சொல் தமிழ்தான், அரக்கு மெழுகின் நிறத்தால் வந்தது, அரக்கர் குடித்ததால் வந்தது என்று கிளிநொச்சிக் கூட்டத்தில் ஒரு பேச்சாளர் பேசினார், இல்லை என்று நான் ஒரு கொமன்ற் போட்டேன். அந்தக் கூட்டத்தைப் பற்றி இனி வாய் திறப்பதில்லை என்றுதான் இருந்தேன். வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். என் கொமன்ற்றின் ஸ்கிரீன்ஷொட் எல்லாக் குறூப்பிலும் சுற்றிவிட்டது. "படிச்ச துரோகி" என்ற பட்டமும் வந்து சேர்ந்துவிட்டது. நேற்றிரவு ஒருவர், வயதில் மூத்தவர், நான் மதிப்போடு பழகியவர், "தம்பி, அரபிக்காரன் எவ்வளவு தந்தவன்?" என்று கேட்டிருக்கிறார். அண்ணை, கொஞ்சம் யோசியுங்கோ. மதுவை விலக்கின மார்க்கத்துக்காரன், சாராயத்துக்குப் பெயர் வைத்தது தாங்கள்தான் என்று எழுதச்சொல்லி எனக்குக் காசு தருவானா?

நான் எழுதியது இவ்வளவுதான்: அரக்கு என்றும் ஆங்கிலத்தில் அரக் என்றும் வாய்க்கு வந்தபடி சொல்லப்படுகிற அந்தச் சொல் அரபியிலிருந்து வந்தது. அரக்கு நிறத்தில் இருந்ததால் வந்த பெயரும் இல்லை, அரக்கர் குடித்ததால் வந்த பெயரும் இல்லை. அரபியில் அரக் என்றால் வியர்வை. காய்ச்சும்போது எழும் ஆவி மேல்மூடியில் பட்டுக் குளிர்ந்து துளித்துளியாகப் பூத்து வடியுமே, அதைப் பார்த்தவன் வியர்வை என்றான். அங்கிருந்து அது எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள். துருக்கியில் ராக்கி, பால்கன் நாடுகளில் ராக்கியா, லெபனானில் அரக், பாலித் தீவில் அராக், மங்கோலியாவில் புளித்த பாலை வடித்தெடுத்தால் அர்கி. பனையோ தென்னையோ முளைக்காத மங்கோலியாவுக்கு எங்கள் அரக்கர் எந்த வழியால் போய்க் காய்ச்சிக் கொடுத்தார்கள் என்று பேச்சாளர் ஐயா சொன்னால் நான் கொமன்ற்றை அழித்துவிடுகிறேன்.

நிறத்தை வைத்துச் சொன்ன விளக்கம் இன்னும் மோசம். வடிந்து வருகிற சாராயம் பச்சைத் தண்ணீர் மாதிரித் தெளிவாகத்தான் வரும். மரப்பீப்பாயில் கிடந்துதான் அதற்கு நிறம் ஏறும், இல்லாவிட்டால் ஏற்றுவார்கள். வாழ்க்கையில் ஒருதரம் வடிக்கிற இடத்தை எட்டிப்பார்த்தவன் இதைச் சொல்லியிருக்கமாட்டான். எல்லாவற்றையும் விடுங்கள், வன்னியில் எவனாவது கடையில் போய் "ஒரு அரக்கு தா" என்று கேட்டிருக்கிறானா? நாங்கள் சாராயம் என்கிறோம். அரக்கு என்று சொல்வது சிங்களச் சனம். நாங்கள் வாயாலேயே சொல்லாத ஒரு சொல்லை எங்களுடையது என்று மேடையேற்றி, அதற்கு ஒரு மண்டபம் எழும்பி நின்று கைதட்டி... சரி, விடுகிறேன்.

"சங்ககாலத்திலேயே நாங்கள் குடிச்சனாங்கள், உமக்குத் தெரியாதோ?" என்று ஒருவர். தெரியும். கள், நறவு, தேறல், தோப்பி என்று பெயர் பெயராக இருக்கிறது. அதெல்லாம் புளிக்கவைத்தது. புளிக்கவைப்பது வேறு, வடிப்பது வேறு, இதுகூடத் தெரியாமல் என்னோடு சண்டைக்கு வரவேண்டாம். அந்தச் சங்கப் புலவர்கள்கூட உங்களைவிட நேர்மையானவர்கள். புறநானூறு 56இல் நக்கீரர், யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த தேறலைக் குடித்து மகிழ்ந்திரு என்று பாண்டியனைப் பார்த்துப் பாடுகிறார். யவனர் கொண்டுவந்தது என்று சொல்ல அவருக்கு வெட்கமில்லை, பாண்டியனுக்கும் ரோசம் வரவில்லை.

அரபிக்காரனும் கடன் வாங்கினவன்தான். வடிக்கும் பாத்திரத்துக்குக் கிரேக்கரின் அம்பிக்ஸ் என்ற சொல்லை எடுத்து அல்-அன்பிக் ஆக்கிக்கொண்டான். 9ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல்-கிந்தி வாசனைத் திரவியம் வடிக்கும் முறைகளை எழுதினார். பாத்திரத்தின் பெயர் கிரேக்கம் என்பதால் அவருடைய மதிப்பு குறைந்துபோய்விட்டதா? எங்கள் பேச்சாளர் கூடத்தான் அன்றைக்குப் போர்த்துக்கீசச் சொல்லான கதிரையில் இருந்து எழும்பி வந்து பேசினார். சன்னல் போர்த்துக்கீசம், அலுமாரி போர்த்துக்கீசம், அலுவலகத்தைச் சொல்கிற கந்தோர் ஒல்லாந்து. கள்ளுக்கடையைச் சொல்கிற தவறணையும் போர்த்துக்கீசன் விட்டுப்போனதுதான். தமிழ் செத்தா போய்விட்டது?

"நீர் என்ன மொழியியல் படிச்சனீரோ?" இல்லை. பேச்சாளரும் படிக்கவில்லை. அவரை ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் இன்னொரு கதை, "சனத்துக்கு ஒரு சின்னப் பெருமை, அதை ஏன் கெடுக்கிறாய்?" பெருமைதான் வேண்டுமென்றால் பொய்யில்லாத பெருமை நிறையக் கிடக்கிறது. கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது, சுருட்டு போயிருக்கிறது, மிளகுத்தண்ணி போயிருக்கிறது. அரக்குக்கும் பாக்குக்கும் தொடர்பு காட்ட முயன்றவர்கள் முன்பே இருந்தார்கள். அது பிழை, ஆனால் பாக்குக்கு ஆங்கிலத்தில் இருக்கிற அரேக்கா என்ற பெயர் உண்மையிலேயே எங்கள் அடைக்காய்தான், மலையாளக் கரையில் போர்த்துக்கீசன் கேட்டுக்கொண்டு போனது. இதற்குக் கைதட்டுங்கள், நானும் சேர்ந்து தட்டுகிறேன். இன்னொரு சொல்லும் எங்களிடமிருந்து போயிருக்கிறது. ஒதுக்கித் தள்ளப்பட்டவனைக் குறிக்க வெள்ளைக்காரன் இன்றைக்கும் எழுதுகிற பறையா. அதை எந்த மேடையிலும் எவரும் சொல்லக் காணோம்.

சொல்லவே கூடாது என்று நினைத்த இடத்துக்கு வந்துவிட்டேன். பரவாயில்லை.

எங்கள் ஐயா, என்னைப் பெற்றவர், பனையில் கள் இறக்குகிற சீவல் தொழிலாளி. விடிய முன்னம், மரமேறக் காலில் போடுகிற தளநாரும் கத்தி வைக்கிற இயனக்கூடுமாக வெளிக்கிடுவார். பனையையும் கள்ளையும் பற்றிய பேச்செல்லாம் அவரிடம் கேட்டு வளர்ந்தவன் நான். முட்டி, பாளை, பிளா, கருப்பநீர், எல்லாம் அந்த மனிசன் வாயில் இருந்த தமிழ். வடமராட்சியில் பனங்கள்ளைச் சாராயமாக்கவென்று கட்டிய இடத்துக்குத் திக்கம் வடிசாலை என்று பெயர். வடிசாலை! இவ்வளவு நல்ல தமிழ்ச் சொல் கண்ணுக்கு முன்னால் பலகையில் எழுதிக் கிடக்க, பேச்சாளருக்கு அதைப் பற்றி ஒரு வரி இல்லை. மரத்தில் ஏறுகிறவனுடைய சொல் அல்லவா, அது எப்படி மேடைக்கு வரும்.

ஊரில் இருந்த பெரியவர்கள் பின்வேலியால் வந்து ஐயாவின் கள்ளைப் பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் வீட்டுக் கொண்டாட்டத்துக்கு ஐயா போனால் முற்றத்தோடு சரி, தேத்தண்ணி வேறாக எடுத்துவைத்த தகரப்பேணியில் வரும். இதெல்லாம் பழைய கதை, போராட்டம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று எழுதுவீர்கள், தெரியும். 2009இல் செட்டிகுளம் முகாமில் எல்லாரும் தண்ணீர் பவுசருக்கு முன்னால் கானோடு நின்றோம். ஒருவரிடமும் ஒன்றும் மிச்சமில்லை. அந்த வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் கேட்டது, "தம்பி எந்தப் பக்கம், ஆற்ற பிள்ளை?" யாருடைய பிள்ளை என்று கேட்பது சாதியைக் கேட்பதுதான்.

குடியை ஆதரிக்கிறேன் என்று யாரும் கிளம்பவேண்டாம். கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் எத்தனை வீட்டைத் தின்றது என்று உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை, மதுக்கடை வேண்டாம் என்று பதாகையோடு றோட்டில் இறங்குகிற அம்மாமாருக்குப் பின்னால்தான் நானும் நிற்கிறேன். என் கேள்வி வேறு. சாராயத்தின் பெயருக்குச் சொந்தம் கொண்டாட இவ்வளவு பேர் வருகிறீர்களே, கள் இறக்கினவனுக்கு உறவு என்று சொல்ல எத்தனை பேர் வருவீர்கள்?

அந்த மண்டபத்துக்குக் கிட்டவே இன்றும் மரம் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கும் அழைப்பிதழ் போகவில்லை. ஏற்பாட்டாளர் ஒருவருக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேன். "அவையள் உதுக்கெல்லாம் வரமாட்டினம்" என்றார். கேட்டுப் பார்த்தனீங்களோ என்றேன். லைன் சரியில்லை, பிறகு எடுக்கிறேன் என்று வைத்தவர்தான்.