பொத்தானை அழுத்துவது கடைசி வேலை

"எலக்ட்ரான் நுண்ணோக்கிக் கூடத்தில் ஊழியருக்கு என்ன பெரிய வேலை? மாதிரியை உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்தினால் படம் வந்துவிடும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு பல்கலைக்கழகத்தில் அதே வேலையைச் செய்பவன் நான். உலோகத் துண்டு என்றால் அவர் சொல்வது பாதி உண்மை.

ஆனால் கருவிக்குள் இருப்பது வெற்றிடம். ஈர இலையை அப்படியே வைத்தால் சுருங்கிச் சருகாகிவிடும். அதனால் குளூட்டரால்டிஹைடு என்ற, திசுவின் வடிவத்தை நிலைநிறுத்தும் வேதிப்பொருளில் பதப்படுத்தி, எத்தனாலின் செறிவைப் படிப்படியாகக் கூட்டி நீரை வெளியேற்றி, திரவ கார்பன் டை ஆக்சைடில் உலர்த்துகிறோம். 31 டிகிரி செல்சியஸ், 73 வளிமண்டல அழுத்தம் இரண்டையும் தாண்டினால் திரவம், வாயு என்ற வேறுபாடே மறைந்துவிடும். அதனால் உலரும்போது பரப்பு இழுவிசை இலைத்துளைகளை நசுக்காது. பிறகு சில நானோமீட்டர் தங்கப் பூச்சு. அழகுக்காக அல்ல (மிச்சத் தங்கம் யாருக்கு என்று கேட்காத மாணவரே இல்லை). பூச்சு இல்லாவிட்டால் மின்னூட்டம் தேங்கி, படம் வெள்ளைத் திட்டாகப் பளீரிடும்.

எலக்ட்ரான்கள் மாதிரியை ஊடுருவிச் சென்று படம் காட்டும் ஊடுருவு வகை நுண்ணோக்கிக்குப் பிசினில் பதித்த திசுவை வைரக் கத்தியால் சுமார் 70 நானோமீட்டருக்குச் சீவ வேண்டும். நீரில் மிதக்கும் சீவல் வெள்ளியாக மின்னினால் சரி. ஊதாவாகத் தெரிந்தால் தடிமன் அதிகம். மறுபடியும் சீவ வேண்டியதுதான்.