நம் ஆள் ஆட்சிக்கு வந்த பிறகு

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது அவள் மகன் கேட்டான்: “மாமா, அரசியல் எழுதலாம் என்று இருக்கிறேன். சொந்தமாக ஒரு தளம். எந்தக் கட்சியின் தயவும் வேண்டாம். நீங்கள்தான் அந்தக் காலத்தில் எழுதினீர்களே, என்ன சொல்கிறீர்கள்?”

அக்கா மீன் குழம்புக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். “முதலில் பரீட்சையை முடி” என்று மழுப்பிவிட்டு ரசம் கேட்டேன். அன்றைக்கு அவனிடம் விழுங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

“அந்தக் காலம்” என்று அவன் சொன்னது 2007, 2008-ஐ. அவனுக்கு அப்போது நான்கு வயது. எனக்கு முப்பத்திரண்டு. கிள்ளான் துறைமுகத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில் பகலெல்லாம் கணக்கு எழுதிவிட்டு, இரவில் வலைப்பூ எழுதிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றிப் பேசும்போது இன்றும் எங்கள் வயதுக்காரர்களுக்குக் குரல் உயரும். காரணம் இருக்கிறது. பத்திரிகை நடத்துபவர்கள் 1984-ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்கீழ் 2012 வரை ஆண்டுக்கு ஒரு முறை உள்துறை அமைச்சிடம் போய் நின்று உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்த நாடு நம் மலேசியா. 1987-இல் ‘லாலாங் நடவடிக்கை’ என்ற கூட்டக் கைதுகளின்போது தி ஸ்டார், சின் சியூ, வத்தான் ஆகிய மூன்றையும் நிறுத்திவைத்தார்கள். நம் ‘மக்கள் ஓசை’க்கு 2007 ஆகஸ்டில் ஒரு படத்துக்காக ஒரு மாதத் தடை. 2008 பொதுத்தேர்தல் முடிந்த அடுத்த மாதமே அதன் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தார்கள், மேல்முறையீடு செய்த பிறகு கொடுத்தார்கள். ஆண்டுக் கடைசி நெருங்க நெருங்கத் தலையங்கத்தில் காரம் குறையும் என்று ஒரு துணையாசிரியர் நண்பர் சிரித்துக்கொண்டே சொல்வார்.

இணையத்துக்கு மட்டும் அந்த உரிமம் தேவைப்படவில்லை. 1996-இல் மல்டிமீடியா பெருவழித் திட்டத்தைத் தொடங்கிய அன்றைய பிரதமர் மகாதீர், வெளிநாட்டு கம்ப்யூட்டர் நிறுவனங்களை இழுப்பதற்காக “இணையத்தைத் தணிக்கை செய்யமாட்டோம்” என்று வாக்குக் கொடுத்திருந்தார். முதலீட்டாளர்களுக்காகத் திறந்த கதவு. இரண்டே ஆண்டில், 1998 செப்டம்பரில், அவர் அன்வாரைத் துணைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கியபோது அந்தக் கதவு வழியாக ‘ரிஃபோர்மாசி’ (சீர்திருத்த) இணையத் தளங்கள் முளைத்தன. அடுத்த ஆண்டு நவம்பரில் ஸ்டீவன் கானும் பிரமேஷ் சந்திரனும் மலேசியாகினி செய்தித் தளத்தைத் தொடங்கினார்கள். ‘அன்வாரை விடுதலை செய்’ இயக்கத்தின் தளத்தை நடத்திய ராஜா பெட்ரா கமாருடின், 2004-இல் ‘மலேசியா டுடே’ தொடங்கினார்.

இணையம் எல்லார் வீட்டிலும் இருந்த காலமல்ல அது. எங்கள் லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடை. பின்பக்க மேசையில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) தினமும் காலை பத்து மணிக்கு வந்து உட்காருவார். பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைப் பையன் முந்தின இரவு வெளியான கட்டுரைகளை அச்செடுத்து, போட்டோஸ்டாட் போட்டு, தாளுக்கு இருபது காசு வாங்கிக்கொண்டு கொடுப்பான். கிராணி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ராஜா பெட்ராவின் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே போவார். வசவு வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி, “இதை நான் சொல்ல மாட்டேன், நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்” என்பார். லாரி ஓட்டுநர், பூக்கடை அம்மா, வாடிக்கையாளருக்குக் காத்திருக்கும் தரகர் என்று ஆறேழு பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மதியத்துக்குள் அந்தத் தாளில் குழம்புக் கறை படிந்துவிடும். 2007 நவம்பர் 25 அன்று இந்தியர் உரிமை இயக்கமான இண்ட்ராஃப் நடத்திய பேரணிக்குப் பிறகு ஒரு வாரம் அந்த மேசையில் உட்கார இடமே கிடைக்கவில்லை. தொலைக்காட்சி காட்டிய பேரணி வேறு, கண்ணீர்ப்புகையில் கண் எரிந்து ஓடிவந்தவர்கள் பார்த்தது வேறு என்பது அந்தக் கடையில் இருந்த பாதிப் பேருக்கு நேரிலேயே தெரியும்.

2008 மார்ச் 8-இல் என்ன நடந்தது என்பதை நம்மவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஆளும் தேசிய முன்னணி 222-இல் 140 இடங்களோடு மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது, ஐந்து மாநிலங்கள் எதிர்க்கட்சிகளிடம் போயின. சுங்கை சிப்புட்டில் ம.இ.கா. தலைவர் சாமிவேலு தோற்றார். எங்கள் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில், கமுந்திங் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்த மனோகரன் ஒரு நாள்கூடப் பிரச்சாரத்துக்கு வராமல் வென்றார். முந்தின ஆண்டுதான் நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் தரப்பு அவதூறு வழக்குத் தொடுத்திருந்த வலைப்பதிவர் ஜெஃப் ஊய், ஜெலுத்தோங்கிலிருந்து நாடாளுமன்றத்துக்கே போனார். பத்திரிகையும் தொலைக்காட்சியும் போதும் என்று நினைத்து இணையத்தைக் கோட்டைவிட்டோம் என்று பிரதமர் அப்துல்லா படாவியே அந்த மாதக் கடைசியில் ஒத்துக்கொண்டார்.

வலைப்பதிவர்களால்தான் அது நடந்தது என்று மார்தட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். விலைவாசி இருந்தது, இடிக்கப்பட்ட கோயில்கள் இருந்தன, தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்களின் ஆத்திரம் இருந்தது. நாங்கள் செய்தது, அவரவர் வீட்டுக்குள் முனகிக்கொண்டிருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரனும் முனகுகிறான் என்று தெரியப்படுத்தியது. அதுவே பெரிய வேலைதான். கிராணிக்கும் அதில் பங்கு உண்டு, அவரை யாரும் பேட்டி எடுக்கவில்லை.

ராஜா பெட்ராவை 2008 செப்டம்பர் 12 அன்று, விசாரணையின்றி அடைத்துவைக்கும் இசா சட்டத்தில் பிடித்தார்கள். நவம்பர் 7-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் விடுவித்தது. அன்று கடையில் கிராணி எல்லாருக்கும் தே தாரிக் வாங்கிக்கொடுத்தார். அடுத்த ஆண்டு ராஜா பெட்ரா நாட்டை விட்டுப் போனார், மான்செஸ்டரில் குடியேறினார். பிறகு மெல்ல மெல்ல அவருடைய பேனா அன்வார் பக்கம் திரும்பிக் குத்த ஆரம்பித்தது. கடைசியில் பிரதமர் நஜீப்பை ஆதரித்தும் எழுதினார். 2008-இல் ஒரு கொலை வழக்கு தொடர்பாகச் சத்தியப்பிரமாணம் செய்து சொன்னதை, அது பிறர் சொல்லக் கேட்டது, தானே நம்பவில்லை என்று 2011-இல் டிவி3-இல் சொன்னார். நாங்கள் ஆடிப்போய்விட்டோம். சத்தியப்பிரமாணம் என்ற சொல்லுக்கு மரியாதை கொடுத்து அதை வரிக்கு வரி தமிழில் பெயர்த்துப் போட்டவன் நான். அதை முதலில் இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சரிபார்க்க யார் இருந்தார்கள்? ஆசிரியர் இல்லை, துணையாசிரியர் இல்லை, சட்ட ஆலோசகர் இல்லை. அதைத்தான் சுதந்திரம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 2024 செப்டம்பரில் அவர் மான்செஸ்டரிலேயே இறந்துபோன செய்தி வந்தபோது, திட்டுவதா அழுவதா என்று தெரியாமல் இருந்த பலரில் நான் ஒருவன்.

இதற்கு நேர்மாறாக ஒருவரைச் சொல்ல வேண்டும் என்றால் கிளேர் ரியூகாஸல் பிரவுன். சரவாக்கில் பிறந்து லண்டனில் இருந்துகொண்டு 2010-இல் ‘சரவாக் ரிப்போர்ட்’ என்ற வலைப்பூவைத் தொடங்கியவர். அவர் கையில் காகிதம் இருந்தது. 1எம்டிபி அரசு நிதியோடு கூட்டுச் சேர்ந்த பெட்ரோசவூதி நிறுவனத்தின் முன்னாள் அலுவலர் சேவியர் ஜூஸ்டோ கொடுத்த ஆவணக் குவியல். அதற்காக ஜூஸ்டோ தாய்லாந்துச் சிறையில் கிடந்தார். 2015 ஜூலையில், நஜீப்பின் வங்கிக் கணக்குகளுக்கு ஏறத்தாழ 70 கோடி அமெரிக்க டாலர் போனதாகக் கிளேரும் வால் ஸ்ட்ரீட் ஜர்னலும் வெளியிட்டார்கள். அந்த மாதமே அவர் தளத்தை இங்கே முடக்கினார்கள். முடக்கப்பட்ட கட்டுரைகள் மீடியம் தளத்தில் வந்தன என்று 2016 ஜனவரியில் அதையும் முடக்கினார்கள். 2018 மே 9-இல் ஆட்சி கவிழ்ந்தது. 2022 ஆகஸ்டில் நஜீப் சிறைக்குப் போனார். ஒரு வலைப்பூ எவ்வளவு தூரம் போகலாம் என்று அக்கா மகன் கேட்டால் காட்ட வேண்டிய உதாரணம் இதுதான். ஆனால் எத்தனை பேருக்கு லண்டனில் வீடு இருக்கிறது?

என் கதை சின்னது. 2010-இல் ஒரு தமிழ்ப்பள்ளிக் கூரை வேலை, உள்ளூர் அரசியல் பிரமுகர் ஒருவரின் தம்பிக்குப் போனதைப் பற்றி எழுதினேன். மூன்றாம் நாள் வழக்கறிஞர் கடிதம் வந்தது. பதிவை நீக்கி, மன்னிப்புக் கேட்டு, இனி எழுதமாட்டேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டுமாம். எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் நண்பர், “பதில் போடலாம், நான் காசு வாங்கமாட்டேன். ஆனால் நீதிமன்றத்துக்குப் போனால் மூன்று வருடம் இழுக்கும், உன் மனைவியிடம் பேசிவிட்டு வா” என்றார். மனைவி அப்போது இரண்டாவதைச் சுமந்துகொண்டிருந்தாள். அன்றிரவே பதிவை நீக்கினேன். அந்த வலைப்பூவில் ‘ஆதரவு தாருங்கள்’ என்று வங்கிக் கணக்கு எண் போட்டிருந்தேன். ஆறு மாதத்தில் வந்தது 140 வெள்ளி (ரிங்கிட்), அதில் ஐம்பது என் மைத்துனர் போட்டது.

அதனால்தான் 2021 பிப்ரவரியில் மலேசியாகினிக்கு நடந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. வாசகர்கள் ஐந்து பேர் எழுதிய பின்னூட்டங்களுக்காக, நீதிமன்ற அவமதிப்பு என்று கூட்டரசு நீதிமன்றம் ஐந்து லட்சம் வெள்ளி அபராதம் போட்டது. அரசுத் தரப்பு கேட்டதே இரண்டு லட்சம்தான். வாசகர்கள் சில மணி நேரத்தில் முழுத் தொகையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். நானும் நூறு போட்டேன். ஆனால் அது இருபது ஆண்டு சேர்த்த நம்பிக்கை. நேற்றுத் தொடங்கிய ஒரு பையனுக்கு யார் போடுவார்கள்? 2012-இல் சாட்சியச் சட்டத்தில் 114ஏ பிரிவைச் சேர்த்ததிலிருந்து, உன் பெயரில் உள்ள தளத்தில் எது வந்தாலும் நீதான் வெளியிட்டாய் என்றே வைத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது உன் பாடு. அதை எதிர்த்து அந்த ஆகஸ்ட் 14 அன்று தளங்களை இருட்டாக்கினோமே, நினைவிருக்கிறதா? பிரிவு அப்படியே இருக்கிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன சட்டம், வழக்கு, பணம் எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியது வேறு. 2018-இல் நாங்கள் பத்து வருடமாக எழுதி வேண்டிக்கொண்டவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். தேச நிந்தனைச் சட்டத்தையும் அச்சகச் சட்டத்தையும் எடுப்போம் என்று தேர்தல் அறிக்கையில் சொன்னவர்கள். இரண்டும் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. அதைப் பற்றி நான் எத்தனை பதிவு எழுதினேன் என்று போய்ப் பார்த்தேன். ஒன்று. அதுவும் “கொஞ்சம் அவகாசம் கொடுப்போம்” என்ற தலைப்பில். படாவிக்கு ஒரு வாரம்கூட அவகாசம் கொடுக்காதவன் எழுதியது.

2022 நவம்பரில் அன்வார் பிரதமரானார், இணையத்தால் உயிரோடு வைக்கப்பட்ட மனிதர். 2024 பிப்ரவரியில், புத்தகத்தில் திரெங்கானு சுல்தானாவைப் பற்றி எழுதிய ஒரு குறிப்புக்காக, கிளேருக்கு அவர் இல்லாமலேயே இரண்டாண்டு சிறை விதித்தது ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்றம். ஆளை மாற்றி எழுதிவிட்டேன் என்று அவர் திருத்தி, மன்னிப்பும் கேட்டிருந்தார். வழக்கு முந்தைய ஆட்சியில் தொடுக்கப்பட்டது, உண்மைதான். ஆனால் 2015-இல் அவர் தளத்தை முடக்கியபோது தெருவெல்லாம் கத்திய எங்களில் எத்தனை பேர் இப்போது வாய் திறந்தோம்? 80 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகங்கள் உரிமம் எடுக்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தபோதும் அப்படித்தான். இதையே நஜீப் செய்திருந்தால் நான் நான்கு பகுதிகளாகத் தொடர் எழுதியிருப்பேன்.

ஏன் எழுதவில்லை என்றால், பயத்தால் அல்ல. பழைய தோழர்களில் இருவர் அமைச்சர் அலுவலகங்களில் இருக்கிறார்கள். ஒருவர் என் மகள் காதுகுத்துக்கு வந்தவர். “இப்போது எழுதினால் மறுபக்கத்துக்குத்தான் லாபம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரி, மூன்று பக்க வழக்கறிஞர் கடிதம் செய்யாததைச் செய்துவிடுகிறது. மிரட்டலை வெளியே சொல்லி ஆதரவு தேடலாம். நட்பை யாரிடம் போய்ப் புகார் செய்வது?

இன்றைக்கு டிக்டாக்கில் ஒரு நிமிடத்தில் ஒரு லட்சம் பேரைப் பிடிக்கிறார்கள், காசு வாங்கிக்கொண்டு எழுதும் படைகள் எல்லாக் கட்சியிலும் இருக்கின்றன, அதையெல்லாம் அக்கா மகன் என்னைவிட நன்றாக அறிவான்.

புதன்கிழமை அவனே வீட்டுக்கு வந்தான். நீக்கிய அந்தப் பதிவைப் பார்க்க வேண்டும் என்றான். கோப்பு ஒன்றில் போட்டோஸ்டாட் பிரதி வைத்திருந்தேன், பதினைந்து வருடமாக, தியாகப் பத்திரம் மாதிரி. எடுத்துக்கொடுத்தேன். கூடத்தில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தான். கூடவே நான் இணைத்து வைத்திருந்த பள்ளி வாரியக் கூட்டக் குறிப்பையும் புரட்டினான்.

“மாமா, தம்பி கம்பெனி பதிவானதே வேலை கொடுத்த பிறகுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் குறிப்பில் பார்த்தால் முந்தின மாதமே பதிவாகியிருக்கிறதே?”

கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து பார்த்தேன். அவன் சொன்னது சரி.