குறைபாடே இல்லாத ஒரு மென்படலத்தை எனக்கு யாராவது காட்டுங்கள்

"ஸ்கிர்மியான் இடத்தியல் பாதுகாப்பு பெற்றது, ஆகவே பொருளில் உள்ள குறைபாடுகள் அதைப் பாதிக்காது." ஸ்கிர்மியான் என்பது காந்தப் பொருளுக்குள் காந்தத் திசைகள் சுழன்று அமைந்த ஒரு மிகச் சிறிய சுழல். அதைப் பற்றிய இந்த வாக்கியத்தை இன்னும் எத்தனை திட்ட அறிக்கைகளில்தான் நான் படித்துத் தொலைப்பது? கீழக்கரையிலிருந்து இராமேஸ்வரம் வரை இந்தக் கடற்கரையோரம் இயற்பியல் முதுகலை படிக்கும் பிள்ளைகள், எழுத்துக்கூட மாறாமல் அதையே எழுதிக் கொண்டுவருகிறார்கள். பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. அறிமுகக் கட்டுரைகளும் காணொளிகளும் அதைத்தான் சொல்கின்றன. திருத்த வேண்டிய ஆசிரியர்களும் கருத்தரங்க மேடையில் நின்று அதையே ஒப்பிக்கிறார்கள் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

அந்தப் பாதுகாப்பு என்பது உண்மையில் என்ன? ஸ்கிர்மியானின் நடுவில் காந்தத் திசை கீழ்நோக்கியும், வெளியே மேல்நோக்கியும், இடையில் படிப்படியாகச் சுழன்றும் அமைந்திருக்கிறது. இந்தச் சுற்றைக் குறிக்கும் எண் ஒரு முழு எண். திசைகளை இடைவெளியின்றி மெல்ல மெல்லத் திருப்பி அந்த எண்ணைச் சுழியமாக்க முடியாது. அவ்வளவுதான். அதுவும் காந்தப் பரப்பு தொடர்ச்சியானது என்று வைத்துக்கொண்டால் மட்டுமே கறாராகப் பொருந்தும். அணுக்களால் ஆன உண்மைப் பொருளில் ஸ்கிர்மியான் அழிவதற்குக் குறுக்கே நிற்பது ஓர் ஆற்றல் தடைதான், அதற்கு ஓர் உயரம் உண்டு, தாண்டவும் முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, எளிதில் அழியாது என்பது வேறு, எங்கும் மாட்டிக்கொள்ளாது என்பது வேறு. முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதையும் நிரூபித்துவிட்டதாக நினைப்பது என்ன நியாயம்?

அறை வெப்பநிலையில் ஸ்கிர்மியான்களைத் தரும் படலங்கள் எப்படிப்பட்டவை என்பதையாவது பார்க்க வேண்டாமா? பிளாட்டினத்தின் மேல் ஏறத்தாழ 1 நானோமீட்டர் தடிமனில் கோபால்ட், அதாவது ஐந்து அணு அடுக்கு. அதில் ஓரிடத்தில் ஓர் அடுக்கு கூடினாலோ குறைந்தாலோ தடிமன் ஐந்தில் ஒரு பங்கு மாறிவிடுகிறது. காந்தத் திசைகளை ஒன்றுக்கொன்று திருப்பி ஸ்கிர்மியானை உருவாக்கும் ஜியாலோஷின்ஸ்கி–மோரியா இடைவினையும், காந்தத்தைப் படலத்துக்குச் செங்குத்தாக நிறுத்தும் அனிசோட்ரோபியும் இங்கே இரண்டு அடுக்குகள் தொட்டுக்கொள்ளும் இடைமுகத்திலிருந்து பிறப்பவை. தடிமன் மாறினால் இரண்டும் கூடவே மாறும். ஸ்பட்டரிங் முறையில், அதாவது அயனிகளால் மோதி அணுக்களைத் தெறிக்கவைத்துப் படியவைத்த படலமோ பொடிப்பொடிப் படிகமணிகளின் தொகுப்பு. மணிக்கு மணி இந்த அளவுகள் வேறுபடும். ஸ்கிர்மியான் தன் ஆற்றல் எங்கே குறைகிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். மணியின் அளவும் ஸ்கிர்மியானின் விட்டமும் நெருங்கி வரும்போதுதான் இந்தப் பிடி மிகவும் இறுகுகிறது. எங்கள் மன்னார் வளைகுடாவில் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் எவரும் வலை இறக்குவதில்லை. வலை உறுதியானது என்பதால் பார் விலகிப் போய்விடுமா?

சென்ற பருவத்தில் ஒரு மாணவரை, காந்தப் படலங்களைக் கணினியில் பாவித்துப் பார்க்கும் மூமேக்ஸ் 3 நிரலின் முன் உட்கார வைத்தேன். சீரான படலத்தில் ஸ்கிர்மியான் சாய்ந்த நேர்கோட்டில் வழுக்கிக்கொண்டு போனது. படலத்தை வொரொனாய் முறையில் ஒழுங்கற்ற பலகோண மணிகளாகப் பிரித்து, ஒவ்வொரு மணிக்கும் அனிசோட்ரோபியைச் சற்றே மாற்றி, அதே மின்னோட்டத்தைக் கொடுக்கச் சொன்னேன். சிறிது தூரம் நகர்ந்த அந்த வட்டம் ஒரு மணியின் விளிம்பில் முட்டை வடிவாக இழுபட்டு, சற்று நடுங்கி, நின்றேவிட்டது. மின்னோட்டத்தைக் கூட்டியபோது பிய்த்துக்கொண்டு கிளம்பி, கோணலாக வேறொரு வழியில் போனது. "அப்படியானால் அந்தக் கட்டுரையில் போட்டிருந்தது, சார்?" என்று கேட்டார். மூன்றாண்டு படித்த பிறகு அந்தக் கேள்வி ஒரு மாணவருக்கு அப்போதுதான் எழுகிறது என்றால், அதற்கு வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள்.

2010இல் மாங்கனீசு சிலிசைடு படிகத்தில் சதுர மீட்டருக்கு 10 லட்சம் ஆம்பியர் என்ற மிகச் சிறிய மின்னோட்ட அடர்த்தியே ஸ்கிர்மியான்களின் ஒழுங்கான அணியை அசைத்தது. அந்த ஒரு செய்தியைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஸ்பட்டரிங் படலங்களில் அதைவிடப் பத்தாயிரம், லட்சம் மடங்கு தேவைப்படுவதை ஏன் யாரும் உரக்கச் சொல்வதில்லை? பொருளும் உந்தும் முறையும் வேறு என்பது சரிதான். ஆனால் குறைபாடுகளின் பிடி அதில் ஒரு முக்கியக் காரணம். 2017இல் தாண்டலம், கோபால்ட்–இரும்பு–போரான் படலத்தில் நடந்த சோதனையில், ஸ்கிர்மியான் பக்கவாட்டில் விலகும் கோணம் மெதுவான நகர்வில் ஏறக்குறைய மறைந்து, வேகம் கூடக்கூட வளர்ந்தது. குறைபாடற்ற படலத்துக்கான எளிய கோட்பாடோ அந்தக் கோணம் வேகத்தைப் பொறுத்து மாறாது என்கிறது. குறைபாட்டைக் கணக்கில் எடுக்காமல் இதை எப்படி விளக்குவார்கள்?

ஸ்கிர்மியானைக் கொண்டு கணினி நினைவகம் செய்வோம் என்று முழங்குகிறவர்களுக்கு இது உயிர்நாடியான கேள்வி. ஸ்கிர்மியான்களுக்கு இடையே உள்ள தூரத்தில் தகவலை எழுதினால், ஒன்றே ஒன்று மாட்டிக்கொண்டு மற்றவை நகர்ந்தாலும் எழுதியது வேறாகிவிடும். அதே குறைபாடு நன்மையும் செய்யும் என்பதையும் மறைத்துவிடுகிறார்கள்: ஸ்கிர்மியான் பிறப்பதற்கே பல நேரங்களில் குறைபாடுள்ள இடம்தான் எளிது, ஹீலியம் அயனிகளைப் பாய்ச்சிப் படலத்தின் தன்மையை வேண்டிய இடத்தில் மட்டும் மாற்றி, ஸ்கிர்மியான் ஓடும் பாதையையே 2021இல் வகுத்துக் காட்டியிருக்கிறார்கள். குறைபாடு இல்லை என்று கண்ணை மூடிக்கொள்பவருக்கு இந்த வழி எப்படித் தெரியும்?

எங்கள் மாணவர்களிடம் சொல்லிவிட்டேன். படிகமணியின் அளவு, பரப்பின் கரடுமுரடு, அனிசோட்ரோபி எவ்வளவு சிதறுகிறது, எந்த மின்னோட்டத்தில் ஸ்கிர்மியான் அசையத் தொடங்குகிறது ஆகியவை அறிக்கையில் இருக்க வேண்டும். கணினிப் பாவிப்பு மட்டும் செய்திருந்தால் எந்த மதிப்புகளை எடுத்துக்கொண்டார்கள், ஏன் எடுத்துக்கொண்டார்கள் என்பதாவது இருக்க வேண்டும். அவை இல்லாமல் "குறைபாடுகள் பாதிக்காது" என்று எழுதிவரும் எந்த அறிக்கையிலும் இனி நான் கையெழுத்திடப் போவதில்லை.