பின்மூடியைக் காட்டுங்கள் என்று கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா?

இதைப் பற்றி எழுத வேண்டாம் என்று நான்கு நாட்களாக என்னைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தேன். நம் கடிகாரக் குழுவில் ஒருவர் மஞ்சள் டயல் வைத்த பழைய சீகோ 6139 ஒன்றை “1969 தயாரிப்பு, கைபடாத ஒரிஜினல்” என்று விற்ற விவகாரத்தை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். என் கேள்வி நீக்கப்பட்டதையும் பார்த்தீர்கள். நேற்று இரவு ஒருவர், “அடுத்தவர் கையில் நல்ல கடிகாரத்தைக் கண்டால் சிலருக்கு வயிறு எரியும்” என்று பெயர் சொல்லாமல் எழுதினார். அதற்குக் கீழே, எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரிந்தவர்களே இதயம் போட்டிருந்தார்கள். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

நான் கேட்டது என்ன? அதை மறுபடியும் அப்படியே எழுதுகிறேன். “பின்மூடியின் எண்ணும் டயலில் உள்ள எழுத்தும் ஒத்துப்போகவில்லையே. பின்மூடியைக் கழற்றி மெஷினை ஒரு படம், டயலின் கீழ் ஓரத்தை நெருக்கத்தில் ஒரு படம் போட முடியுமா?” இவ்வளவுதான். போலி என்று நான் சொல்லவில்லை. திருட்டு என்று சொல்லவில்லை. இரண்டு படம் கேட்டேன்.

கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. சீகோ 6139 என்பது 1969-இல் வந்த கடிகாரம். தானாகச் சாவி ஏறும் க்ரோனோகிராஃப்களில், அதாவது பொத்தானை அழுத்தி ஓட்டநேரம் அளக்கும் கைக்கடிகாரங்களில், உலகத்திலேயே முதல் வரிசையில் வந்த மூன்றில் ஒன்று. அதே ஆண்டில் ஜெனித் நிறுவனம் ‘எல் பிரிமெரோ’ என்ற தன் க்ரோனோகிராஃபை அறிவித்தது. ஹாயர், பிரைட்லிங், ஹாமில்டன் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து இன்னொன்றைக் கொண்டுவந்தன. சீகோவின் ஆரம்பகால டயல்களில் ‘வாட்டர் 70 மீ. ப்ரூஃப்’ என்று இருக்கும். 1970 வாக்கில் அந்தச் சொல் போய் ‘ரெசிஸ்ட்’ வந்துவிட்டது. பின்மூடியிலும் அப்படியே மாறியது. பின்மூடியில் பொறித்த எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது, மாதம். விற்பனைப் படத்தில் எண் 4-இல் தொடங்கியது, அதாவது 1974. அந்த மூடியில் ‘ரெசிஸ்டன்ட்’ என்று பொறித்திருந்தது. டயலில் ‘ப்ரூஃப்’. விளம்பரத்திலோ “1969 தயாரிப்பு, கைபடாத ஒரிஜினல்”. விலை 68,000 ரூபாய். இதைப் பார்த்த பிறகும் நான் எதுவும் கேட்காமல் இருக்க வேண்டுமா?

கேள்வி கேட்பது குற்றச்சாட்டு அல்ல. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்கிறேன். கையில் இருப்பது உண்மை என்றால், படம் எடுக்க ஐந்து நிமிடம். படத்தைப் போட்டிருந்தால் நானே முதல் ஆளாக வாழ்த்தியிருப்பேன். அவர்கள் படத்தைப் போடவில்லை, என் கேள்வியைத்தான் நீக்கினார்கள்.

“பொறாமை” என்பவர்களுக்குப் பெரிதாகப் பதில் சொல்ல எனக்கு மனம் இல்லை. அந்தக் கடிகாரத்தை வாங்க நான் போட்டியிடவும் இல்லை, விற்க என்னிடம் வேறொன்றும் இல்லை.

“ஐம்பது வருடப் பழைய பொருளில் எல்லாமே ஒரிஜினலாக இருக்க முடியுமா?” என்று கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. முடியாது. கண்ணாடி கீறி மாற்றியிருப்பார்கள். ரப்பர் வளையம் காய்ந்துபோயிருக்கும். மெயின் ஸ்பிரிங் அறுந்து புதிது போட்டிருப்பார்கள். இவை எல்லாம் கடிகாரம் ஓடுவதற்காகச் செய்தவை, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். டயலுக்கு மறுபடி வண்ணம் தீட்டுவதைக்கூட நான் குறை சொல்வதில்லை. வெளிநாட்டுப் பாகங்கள் எளிதில் கிடைக்காத காலம் ஒன்று நம் நாட்டில் இருந்தது. டயல் கறுத்துப் போனால், அதைச் சுரண்டி, வண்ணம் பூசி, எழுத்தை அச்சடித்துக் கொடுத்த கைத்தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்கள் இல்லையென்றால் எத்தனையோ ஃபேவர்-லியூபாக்களும் ஹெச்எம்டிகளும் பழைய இரும்புக்குப் போயிருக்கும். அந்தத் தொழில் செய்தவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. கொண்டுவந்தவருக்குத் தெரிந்துதான் தீட்டிக் கொடுத்தார்கள். இன்றைக்கு அதே வேலையைச் செய்து, நீலம், ஆரஞ்சு, பச்சை என்று அந்த மாடலுக்குத் தொழிற்சாலை கனவிலும் காணாத நிறங்களை அடித்து, “ஒரிஜினல்” என்று வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். சேகரிப்பவர்கள் மத்தியில் அதற்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்று பெயரே வந்துவிட்டது. ஓர் ஊரின் பெயர் வசைச்சொல் ஆகியிருக்கிறது. யாருக்கும் உறைக்கவில்லையா?

மாற்றிய டயல் என்று எழுதிவிட்டு, அதற்குரிய விலையைச் சொல்லி விற்றிருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. நான் எதிர்பார்த்தது அந்த ஒரு வரியைத்தான்.

“டயல்தானே, மெஷின் நன்றாக ஓடுகிறதே” என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். க்ரோனோகிராஃபில் பணம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் பேசுகிறார். ரோலெக்ஸ் டேடோனாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கேஸ், ஒரே மெஷின். ஆனால் சின்ன வட்டங்களில் எண்களின் எழுத்து வேறு, கோடுகளின் நுனியில் குட்டிச் சதுரம் வேறு. அந்த டயலுக்கு ‘பால் நியூமன்’ என்று பெயர். விற்ற காலத்தில் கடையில் தேங்கிக் கிடந்த டயல் அது. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த கடிகாரமே 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் ஒரு கோடியே எழுபத்தேழு லட்சம் டாலருக்குமேல் போனது. அவர் அதை 1984-இல் தம் மகளின் நண்பருக்குக் கொடுத்திருந்தார். மூடியின் பின்னால் மனைவி பொறித்துக் கொடுத்த வாசகம் இருந்தது. அதைக் கட்டியிருந்த கையின் புகைப்படங்கள் இருந்தன. கதையைத் தாங்கிப் பிடிக்கச் சாட்சி இருந்தது. இந்த சீகோவை விற்றவரைப்போல, “துபாயில் இருந்த மாமா கட்டியது” என்று ஒரு வரி எழுதினால் அது சாட்சி ஆகாது. மாமாவை நான் சந்தேகப்படவில்லை. மாமா 1969-இல் வாங்கிய கடிகாரத்துக்கு 1974-இன் மூடி எப்படி வந்தது என்று கேட்கிறேன்.

“அறுபத்தெட்டாயிரம் ரூபாய்க் கடிகாரத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?” என்றும் ஒருவர். சரி, முப்பது லட்சம் சுவிஸ் பிராங்க் கடிகாரத்துக்கு ஆராய்ச்சி நடந்ததா? 2021 நவம்பரில் ஜெனீவாவில், 1957-இல் வெளிவந்த முதல் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வகைக் கடிகாரம் ஒன்று ஏலத்துக்கு வந்தது. டயல் கறுப்பிலிருந்து பழுப்பாக மாறி அழகாக இருந்தது. 80,000 முதல் 1,20,000 பிராங்க் வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். முப்பத்தொரு லட்சம் பிராங்குக்குமேல் போனது. வாங்கியது ஒமேகாவே, தன் அருங்காட்சியகத்துக்காக. 2023-இல் அந்த நிறுவனமே வெளியில் வந்து, இது பல பழைய பாகங்களைக் கோத்துச் செய்தது, எங்களிடம் வேலை பார்த்த முன்னாள் ஊழியர்களுக்கு இதில் பங்கு இருக்கிறது என்று சொல்ல வேண்டியதாயிற்று. கடிகாரத்தைச் செய்த நிறுவனமே, தன் சொந்தக் கடிகாரத்தில், தன் வீட்டுக்குள்ளேயே ஏமாந்திருக்கிறது. அப்படியிருக்க, சம்பளப் பணத்தைச் சேர்த்து வாங்கும் ஒரு பிள்ளைக்கு யார் துணை? யாரோ ஒருவர் “மூடியைத் திறந்து காட்டுங்கள்” என்று கேட்பதுதான் அவனுக்கு இருக்கும் ஒரே துணை. அந்த ஒருவரின் வாயையும் அடைத்துவிட்டீர்கள்.

விற்றவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாமாம். தெரியாதவர் “தெரியவில்லை” என்று எழுதுவார். “கைபடாத ஒரிஜினல்” என்று எழுதமாட்டார்.

“தனியாகச் சொல்லியிருக்கலாமே, சபையில் ஏன் கேட்டீர்கள்?” இதுதான் என்னை உண்மையிலேயே காயப்படுத்தியது. கேட்டவர் நான் மதிக்கும் மூத்தவர், அண்ணன் என்றுதான் அழைப்பேன். அண்ணா, திங்கட்கிழமை மாலை விற்பவருக்குத் தனியாக எழுதினேன். படித்துவிட்டார் என்று காட்டியது, பதில் இல்லை. இரவு மறுபடியும் எழுதினேன். அதையும் படித்தார். பிறகுதான் எல்லோரும் பார்க்கும்படி கேட்டேன், அதுவும் ‘அவர்களே’ என்று மரியாதையோடு. நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். “இவன் ஏன் இப்படிச் செய்தான்” என்று எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். எவ்வளவோ ஞாயிற்றுக்கிழமைகள் உங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து பழைய ஹாயர்களைத் திறந்து பார்த்திருக்கிறோம். லூப் என்ற குட்டிப் பூதக்கண்ணாடியைக் கண்ணில் எப்படி இடுக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான். அசல் அச்சு என்றால் எழுத்தின் ஓரம் வெட்டினாற்போல நிற்கும், மறுபடி அடித்தது என்றால் மை லேசாகக் கசிந்திருக்கும் என்று சொல்லிக்கொடுத்தது நீங்கள். முள்ளில் பூசிய ஒளிர்வண்ணமும் டயலில் உள்ளதும் ஒன்றுபோல வயதாகியிருக்க வேண்டும், ஒன்று வெளுத்தும் ஒன்று பழுத்தும் இருந்தால் நின்று யோசி என்று சொன்னதும் நீங்கள்தான். நீங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தானே அண்ணா செய்தேன்?

ஒரு சொந்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொன்னால்தான் நான் ஏன் டயலைப் பற்றி இவ்வளவு பிடிவாதமாகப் பேசுகிறேன் என்று புரியும்.

என் அப்பா பஹ்ரைனில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். 1975-இல் விடுமுறைக்கு வந்தபோது கையில் ஒரு 6139 இருந்தது, நீல டயல். மேல் பொத்தானை அழுத்தினால் நீளமான முள் கிளம்பும், மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பொத்தானை அழுத்தினால் ‘டக்’ என்று பன்னிரண்டுக்குத் தாவும். அந்தத் தாவலைப் பார்ப்பதற்காகவே அவர் மடியில் போய் உட்காருவேன். பள்ளிக்கூட நூறு மீட்டர் ஓட்டத்துக்கு நான் பழகியபோது அவர் அதில்தான் நேரம் பார்த்தார். ஒருமுறை கிணற்றடியில் கழற்ற மறந்து குளித்ததில் உள்ளே தண்ணீர் போய்விட்டது. ஏழு மணிக் கோட்டுக்குப் பக்கத்தில் கடுகு அளவுக்கு ஒரு பழுப்புக் கறை விழுந்தது. அதன் பிறகு எத்தனையோ வருடம் அந்தக் கறையோடுதான் கட்டினார்.

அவர் போன பிறகு 2006-இல் அதை ஒரு கடையில் சர்வீசுக்குக் கொடுத்தேன். எந்தக் கடை என்பது வேண்டாம். பத்து நாளில் புதிதுபோலப் பளபளவென்று வந்தது. எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. சந்தோஷப்பட்டு, கேட்டதற்குமேல் ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் அம்மா கையில் வாங்கினார். கண்ணாடியை விரலால் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். ஏழு மணிப் பக்கம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “இது அப்பாவுடையது இல்லையே” என்றார்.

மறுநாள் ஓடினேன். “பழைய டயல் ரொம்பக் கெட்டுப்போயிருந்தது சார், நல்லதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்” என்றார்கள். பழையது எங்கே என்றேன். குப்பைக்குப் போய்விட்டது என்றார்கள். அவர்கள் மனதில் கெடுதல் இல்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. அம்மா அதற்குப் பிறகு அந்தக் கடிகாரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்ததே இல்லை.

அந்தக் கடிகாரம் இன்றும் என்னிடம் ஓடுகிறது. யார் வந்து பார்த்தாலும் முதலில் நான் சொல்வது, “இது மாற்றிய டயல்” என்பதுதான். இப்போதெல்லாம் எந்தக் கடிகாரத்தைக் கொடுத்தாலும், கழற்றிய பாகத்தை, துருப்பிடித்த திருகாணியாக இருந்தாலும், ஒரு சின்னக் காகித உறையில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

என்னைப் பொறாமைக்காரன் என்று சொல்லுங்கள், குழுவிலிருந்து நீக்குங்கள். நானும் களைத்துப்போய்விட்டேன். ஆனால் பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய டயலைப் போட்டு, அதன்மேல் ‘1969’ என்றும் ‘மாமா கட்டியது’ என்றும் எழுதும்போது, எங்கோ ஒரு வீட்டில் யாரோ உண்மையாகவே கட்டிய கடிகாரத்தின் மதிப்பையும் சேர்த்துத்தான் அழிக்கிறீர்கள். நாளைக்கு ஒரு பிள்ளை தன் அப்பாவின் கறை படிந்த ‘ப்ரூஃப்’ டயலைக் கொண்டுவந்தால், “இதுவும் மறுபடி வண்ணம் அடித்ததுதானே” என்று கேட்பார்கள். அவன் என்ன சொல்வான்?

வாங்கிய தம்பி எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். என்ன எழுதினார் என்பதை இங்கே சொல்லமாட்டேன், அது அவருடைய விஷயம். தம்பி, உங்கள்மேல் எந்தத் தவறும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், கூட நான் இருக்கிறேன். கடிகாரத்தை எங்கேயும் திறக்கக் கொடுத்துவிடாதீர்கள், யாராவது “சரிசெய்து தருகிறேன்” என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். அப்பாவுடையதையும் எடுத்து வைக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்ப்போம்.