கேத்தல் செருகவும் தனிக் காசு

ஹட்டனில் சின்னதாகத் தேயிலை பொதி செய்து விற்கிறோம். கொழும்புக் கண்காட்சியில் ஒரு கடை போட்டால் நாலு பேர் ருசி பார்த்து ஓடர் தருவார்கள் என்றுதான் போவது. ஆனால் செலவு கழுத்தை நெரிக்கிறது. 3 மீட்டருக்கு 3 மீட்டர் இடம், அதற்கொரு வாடகை. 2024 ஜனவரியில் 15 சதவீதத்திலிருந்து 18 ஆன வற் வரி அதற்கு மேலே. சரி, கட்டினோம்.

போய் இறங்கினால், பிளக் பொயின்ட்டுக்குத் தனியாகக் காசாம்! தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்காமல் தேயிலையை எப்படி விற்பது? தண்ணீர் நிரப்பிய கேத்தலைப் பிடித்துக்கொண்டு மச்சானும் நானும் அரை மணி நேரம் நின்றோம். பக்கத்துக் கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கடைசியில் கட்டினோம், வேறு வழி? இன்னொரு கதிரைக்கும் அதே கதை.

இப்போதெல்லாம் பெயர்ப் பலகையைத் துணியில் அடித்துச் சுருட்டிக் கொண்டுபோகிறோம். கினிகத்தேனை வழியாக இறங்கும் லொறியில் இன்னொரு வியாபாரியோடு பாதிப் பாதி. அப்படி மிச்சம் பிடித்ததெல்லாம் கொழும்பில் தங்கும் அறை வாடகைக்கே போய்விடுகிறது.

கண்காட்சி நடத்துகிறவர்களே, கடை வாடகை கேட்கும் அன்றே பிளக், லைட், கதிரை எல்லாம் சேர்த்து ஒரே கணக்காகச் சொல்லுங்கள் ஐயா. முடியுமா முடியாதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்வோம்.