கலர் கலக்கும்போது ஹெல்பரை டீ வாங்க அனுப்பாதீர்கள்

திருப்பூரில் பிரிண்டிங்குக்கு ஆர்ட் ஒர்க் செய்கிறவன் நான். குழந்தைகள் டீசர்ட்டின் முன்பக்கத்தில் டைனோசர் சிரிக்கிறதல்லவா, நாய்க்குட்டி கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்கிறதல்லவா, அந்த மாதிரி. ஐரோப்பாவில் ஏதோ ஒரு பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு விளையாடப் போகும். வரைந்தது யாரென்று அதற்கும் தெரியாது, வாங்கிக்கொடுத்த அம்மாவுக்கும் தெரியாது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் கொஞ்ச காலமாகக் கல்லூரிகளில் பேசக் கூப்பிடுகிறார்கள். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: படைப்புத் தொழிலில் வாழ்க்கையின் நோக்கத்தைக் கண்டடைவது எப்படி? கேட்டாலே கூச்சமாக இருக்கிறது. நோக்கம் என்பது எங்கேயோ புதைந்து கிடப்பது போலவும், இருபது வயதில் தோண்டி எடுத்துவிட்டால் அப்புறம் எல்லாம் சுகம் என்பது போலவும் பேசுகிறார்கள்.

நான் நினைப்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் கலை சார்ந்த தொழிலுக்கு வந்தவர்கள், தங்களுக்குத் தெரிந்ததை அடுத்தவர் கண்ணில் படாமல் வைத்துக்கொள்வதிலேயே பாதி ஆயுளைக் கழிக்கிறார்கள். இத்தனை வருஷம் உழைத்தும் மனசுக்கு ஒன்றும் ஒட்டவில்லையே என்று புலம்புகிறவர்களிலும் நிறையப் பேர் இவர்கள்தான்.

பனியன் தொழில் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். துணியில் படம் ஏறுவது ஸ்கிரீன் வழியாக. ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன். ஆறு கலர் படம் என்றால் அதை ஆறாகப் பிரித்து, ஆறு பிலிம் எடுத்து, மருந்து பூசிய ஆறு ஸ்கிரீனில் வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவ வேண்டும். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். பிலிமின் கறுப்பு மறைத்த இடம் மட்டும் தண்ணீரில் கரைந்து போகும், அந்த வழியாகத்தான் கலர் துணிக்கு இறங்கும். கறுப்புத் துணி என்றால் முதலில் வெள்ளை பேஸ் அடித்துக் காயவைத்து, அதன் மேல்தான் மற்றதெல்லாம். இப்படிப் பிரிக்கிற வேலைக்கு செபரேஷன் என்று பெயர். டைனோசரை யார் வேண்டுமானாலும் வரையலாம், அது துணியில் உயிரோடு நிற்பதும் செத்துக் கிடப்பதும் செபரேஷனில்தான். நல்ல கை இருந்தால் நாலு ஸ்கிரீனை வைத்து எட்டு கலர் மாதிரி காட்டலாம். புள்ளி புள்ளியாக உடைத்து ஒன்றன்மேல் ஒன்று விழவைக்கிற வித்தை. ஒரு ஸ்கிரீன் குறைந்தால் பீஸுக்குக் கொஞ்சம் காசு குறையும். சில நேரம் அந்தக் காசில்தான் ஆர்டர் நிற்கிறது.

இதெல்லாம் திருப்பூரில் எப்படிப் பரவியது என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் ஓரமாக நின்று திருட்டுத்தனமாகப் பார்த்துத்தான். கலர் மாஸ்டர் பிக்மெண்ட் கலக்க உட்கார்ந்தால் ஹெல்பரை டீ வாங்க அனுப்பிவிடுவார். எத்தனை கிராம் எது என்று எழுதிய சின்ன நோட்டு சட்டைப் பையில் இருக்கும். சாப்பிடும்போதுகூட அதன்மேல் ஒரு கை. அவரைத் திட்ட எனக்கு மனசு வராது. அந்த நோட்டு அவருக்கு பேங்க் பாஸ்புக் மாதிரி. அதில் இருப்பதை வாங்கிக்கொண்டு மறுநாளே 'போயிட்டு வாங்க மாஸ்டர்' என்று சொல்கிற முதலாளிகளை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் கண் மங்கி அவர் வீட்டில் உட்கார்ந்த பிறகு, 'அவர்கிட்டத் தொழில் படிச்சவன் நான்' என்று தேடி வர ஒருத்தர் இல்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது.

முன்பு எங்கள் செக்கிங் டேபிளில் ஓர் அக்கா இருந்தார். ஊத்துக்குளிப் பக்கம், பத்தாவது வரை படிப்பு. கட்டுக்கட்டாக வரும் பீஸ்களில் ரிஜிஸ்டர், அதாவது கலர்கள் ஒன்றோடொன்று பொருந்தும் இடம், மயிரிழை விலகியிருந்தாலும் உருவித் தனியே போட்டுவிடுவார். "ஏனுங் தம்பி, இந்தப் பச்சை கறுப்புக் கோட்டுக்கு வெளிய எட்டிப் பாக்குதுங்க" என்பார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினால், ஆமாம், எட்டிப் பார்க்கும். இப்படி ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நாளெல்லாம் அடுத்தவன் தப்பைப் பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டுமா? கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொன்னேன். "எலியைப் புடிச்சாலே கை நடுங்குது, நமக்கு வேண்டாந் தம்பி" என்றார். சரி, மதியம் சோறு தின்ற பிறகு சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் போதும் என்றேன். சில நாள் பார்த்துவிட்டு அவராகவே கேட்டார்: "அந்தப் பச்சையை மொதல்லயே கோட்டுக்கு அடியில கொஞ்சம் உள்ள வுட்டுட்டா, நகந்தாலும் வெளிய தெரியாதுங்களே?"

டிராப்பிங் என்று இதைத்தான் தொழிலில் சொல்கிறார்கள். யாரும் சொல்லித்தராமல், செக்கிங் டேபிளில் பழகிய கண்ணை வைத்தே அவர் கண்டுபிடித்துவிட்டார். இன்று வீட்டிலிருந்தே செபரேஷன் செய்து தருகிறார், பைலுக்கு இவ்வளவு என்று கணக்கு. பிலிமின் ஓரத்தில் ஜாப் நம்பருக்குப் பக்கத்தில் தன் இனிஷியலையும் போட்டுவிடுகிறார். நான் சொல்லி அல்ல. முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம், என் டைனோசர்கள் கப்பல் ஏறியபோதெல்லாம் வந்ததில்லை. இதில் நான் தர்மம் செய்ததாக யாரும் பேச வேண்டாம். அந்த அக்காவின் கண் என் கண்ணைவிட நல்ல கண்.

முதலிபாளையத்தில் ஆடைத் தொழில் சொல்லித்தரும் நிஃப்ட்-டீ கல்லூரி இருக்கிறது, அங்கே படித்து வருகிற பிள்ளைகள் நன்றாகச் செய்கிறார்கள். ஆனால் டேபிளில் நிற்கிறவர் கல்லூரிக்குப் போக முடியாது. அவருக்கு மாஸ்டர் வாய் திறந்தால்தான் உண்டு.

சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கும்மியைப் பாருங்கள். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பத்ரப்பன் ஐயா 2024-ல், 87 வயதில், பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வானார். வள்ளி, முருகன் கதையைப் பாடி ஆடுகிற வள்ளி ஒயில் கும்மி முன்பு ஆண்கள் ஆடிவந்த ஆட்டம். அவர் அதைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இன்று கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் கோயில் நோம்பிக்குப் போனால் பாட்டியும் பேத்தியும் ஒரே நிறச் சேலையில் வட்டம் கட்டி ஆடுகிறார்கள். ஆண்களுக்கு மட்டும் என்று பொத்தி வைத்திருந்தால் நாலு பெரியவர்களோடு அது முடிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இடையில் ஒன்று. சில கும்மி மேடைகளில் ஆடி முடித்த பெண்பிள்ளைகளை நிறுத்தி, சொந்தச் சாதியில்தான் கல்யாணம் செய்வோம் என்று உறுதிமொழி வாங்குகிறார்கள். வீடியோவாகவே சுற்றியது. ஆட்டம் சொல்லிக்கொடுத்தால் அந்தப் பிள்ளை யாரைக் கட்ட வேண்டும் என்பதும் வாத்தியார் கையில் வந்துவிடுமா? அதுவும் எந்தக் கதையை ஆடிவிட்டு? முருகன் தினைப்புனத்துக்குத் தேடிப் போய்க் குறப்பெண்ணைக் கட்டிய கதையை! கமெண்டில் சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம்.

சரி, எங்கள் தொழிலுக்கு வருகிறேன். சொல்லிக்கொடுத்தால் அடுத்த தெருவில் கடை போட்டு ரேட்டை உடைப்பான் என்பார்கள். உடைப்பான்தான். என்னிடம் பழகிய ஒடிசாப் பையன் மங்கலம் ரோட்டில் தனியாகப் போட்டு, என் பார்ட்டி ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனான். கொஞ்ச நாள் அவன் பெயரைக் கேட்டாலே எரிச்சல். அப்புறம் யோசித்தால், அந்தப் பார்ட்டி எனக்கு ஒழுங்காகக் காசு கொடுத்ததே இல்லை. இனி அவன் பாடு. இப்போது சீசனில் அவசரமாக ஸ்ட்ரைக் ஆஃப் (சாம்பிள் பிரிண்ட்) கேட்டால் என் பைலில் பாதியை அவன்தான் முடித்துத் தருகிறான்.

ரேட்டை உண்மையில் உடைப்பவர் யார்? சென்ட் சென்டாகக் குறைக்கிற பையர், அதாவது வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுப்பவர். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது சட்டைப் பை நோட்டு எந்த மாஸ்டரைக் காப்பாற்றியது? நான் பார்த்தவரை, ஒரே ஒரு வேலை தெரிந்தவர்களுக்குத்தான் முதலில் ஷிப்ட் போனது. பிரிண்ட், கலர், கொஞ்சம் செபரேஷன் என்று கலந்து தெரிந்தவர்கள் காதர்பேட்டை மார்க்கெட்டுக்கான லோக்கல் வேலை, கல்லூரி விழா டீசர்ட், கட்சி டீசர்ட் என்று எதையோ பிடித்து ஓட்டினார்கள். ஏஐ வந்ததைப் பற்றியும் கேட்கிறார்கள். அது அரை நிமிஷத்தில் அழகான புலி வரைந்து தரும், ஆயிரம் நிறத்தில். டேபிளில் இருப்பதோ ஆறு ஸ்கிரீன். ஆறுக்குள் அந்தப் புலியைக் கொண்டுவர இன்னும் ஆள் வேண்டும், அந்த ஆட்கள் குறைவாக இருக்கிறார்கள்.

முதலாளிகளிடம் நான் கேட்பது இதுதான். மாஸ்டர் ஒரு ஹெல்பரைத் தயார் செய்தால் அதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள். வேலை போகாது என்று எழுத்தில் கொடுங்கள். எங்கள் யூனிட்டில் ஆரம்பித்திருக்கிறோம். மாஸ்டர் சந்தேகமாகத்தான் பார்த்தார். இப்போது நோட்டை ஜெராக்ஸ் எடுக்க விடுகிறார், கடைசிச் சில பக்கங்கள் மட்டும் இன்னும் வரவில்லை.

செபரேஷன் பழக நினைக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் யூனிட்டுக்கு வரலாம், காசு வேண்டாம். பழைய லேப்டாப் இருந்தால் போதும், படம் வரைகிற சாஃப்ட்வேர் இன்க்ஸ்கேப் இலவசம்தான். பெண்பிள்ளைகள் அம்மாவைக் கூட்டி வந்தாலும் நல்லது, அவர்களும் உட்கார்ந்து பார்க்கட்டும். முதல் நாளே ஸ்கிரீன் கழுவ வைப்பேன், அதனால் பழைய துணியில் வாருங்கள்.