அந்த ஒரு ‘தானே’

நண்பர்கள் குடும்பங்களோடு மலைக்கு டூர் போனபோது எடுத்த அந்த சோபா போட்டோவைப் பற்றி இன்பாக்ஸில் கேட்ட எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடுகிறேன். ஆமாம், போர்வைக்குள் சுருண்டு கிடப்பது நான்தான். “எங்க வாட்ச்மேன்” என்று தலைப்பு வைத்துப் போட்டவன் என் 20 வருட நண்பன். கீழே முதல் சிரிப்பு எமோஜி போட்டதும் நான்தான். அதனால் “நீயே சிரிச்சியே, இப்ப என்னவாம்?” என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். பத்துப் பேர் சிரிக்கும் இடத்தில் சிரிக்காமல் உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியம் கிடையாது. வீட்டுக்கு வந்து துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்ட பிறகுதான் கோபமே வந்தது. என் கோபம் எப்போதும் அப்படித்தான், பஸ் போன பிறகு ஸ்டாப்புக்கு வரும்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். நாங்கள் தங்கிய வீட்டில் நான்கு அறை. மூன்று குடும்பம், பிறகு நான். இந்தக் கணக்கைப் போட ஒன்றாம் வகுப்பு போதும். ஆனால் சாவியைப் பிரித்துக் கொடுக்கும்போது ஒரு குரல்: “அவன் ஹால்ல படுத்துக்குவான்டா, சிங்கிள்தானே.”

நான்காவது அறை, பிள்ளைகள் விளையாடுவதற்காம். பிள்ளைகள் அரை மணி நேரம் குதித்துவிட்டு அவரவர் அம்மாவிடம் போய்ப் படுத்துக்கொண்டன. ஆக, இரண்டு ராத்திரியும் அந்தக் கட்டிலில் சுகமாகப் படுத்துத் தூங்கியவை மூன்று டிராலி பைகள். செலவை மட்டும் சரியாக நான்காக வகுத்தார்கள். அந்த இடத்தில் மட்டும் நான் ஒரு முழுக் குடும்பம்.

படுத்த இடம் எனக்குப் பிரச்சினையே இல்லை. சோபா எனக்குப் புதிதும் இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன். பிரச்சினை அந்தத் ‘தானே’.

சொல்லின் கடைசியில் ஒட்டும் ‘ஏ’ இருக்கிறதே, அந்த ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் ஐந்து பொருள் சொல்கிறது. தேற்றம் (உறுதி), வினா, பிரிநிலை (ஒன்றைப் பிரித்துக் காட்டுவது), எண் (அடுக்கிச் சொல்வது), ஈற்றசை (கடைசியில் சும்மா வரும் அசை). நன்னூல் இசைநிறையையும் (ஓசையை நிரப்ப வருவது) சேர்த்து ஆறாக்கியது. ஏழாவதாக ஒன்றை நம் ஜனங்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள், இலக்கணக்காரர்கள் யாராவது பெயர் வையுங்கள். ‘அவன்தான்’ என்றால் மரியாதை. ‘அவன்தான் முடிச்சுக் குடுத்தான்’ என்றால் பாராட்டு. பின்னால் ஓர் ஏகாரம் ஒட்டி ‘அவன்தானே’ ஆனதும் ஆள் பாதியாகிவிடுகிறான். பிரிநிலை என்று பழைய ஆட்கள் சொன்னதும் ஒருவகையில் சரிதான். கூட்டத்திலிருந்து ஒருவனைப் பிரித்து ஹாலில் போடுவது.

இது ஒருநாள் கதை இல்லை. எனக்கு 43 வயது. ஆபீசில் விடுமுறைப் பட்டியல் போடும்போது, “உங்களுக்கென்ன சார், சிங்கிள்தானே, நீங்க இருங்க.” விடியற்காலை யாரையாவது ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவர வேண்டுமென்றால், “சிங்கிள்தானே, எந்திரிச்சுப் போறதுல என்ன?” கடன் கேட்கும்போது, “சிங்கிள்தானே, உனக்கு என்ன செலவு?” வாரக்கணக்கில் முன்னாலேயே பார்த்துப் பார்த்துப் பதிவு செய்த ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டேன், “நீங்க தனியாத்தானே வர்றீங்க, கொஞ்சம் மாறி உக்காந்துக்கறீங்களா?” மாறித்தான் உட்கார்ந்தேன். மாறாவிட்டால் கல்நெஞ்சக்காரன். ஆனால் அந்த ஜன்னலை நான் இரண்டு வாரமாக மனசுக்குள் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தேன் என்பது கேட்டவருக்கு எப்படித் தெரியும்?

இதைத்தான் சொல்ல வருகிறேன். தனியாக இருக்கிறவனுக்கும் ஆசை இருக்கும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. பெரிய ஆசை என்றால் புரிந்துகொள்கிறார்கள். “பொண்ணு பாக்கட்டுமா?” என்பார்கள். சின்ன ஆசைகளைச் சொல்லத்தான் வாய் கூசுகிறது.

அந்த டூருக்கு என் ஆசை என்ன தெரியுமா? பையில் ஒரு புத்தகம் வைத்திருந்தேன், 60 பக்கம் பாக்கி. ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு அதை முடிக்க வேண்டும். என் இஷ்டத்துக்கு விளக்கை அணைக்க வேண்டும். விடிவதற்கு முன்னால் எழுந்து, யாரோடும் பேசாமல், ஜன்னல் வழியாக மலை வெளுப்பதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஹால் விளக்கை இரண்டு ராத்திரியும் அணைக்கவே இல்லை. பிள்ளைகள் பாத்ரூம் போக வேண்டுமே! 60 பக்கமும் அப்படியே திரும்பி வந்தது.

வீட்டில் எனக்கு இருக்கும் சந்தோஷங்களைக் கேட்டால் இன்னும் சிரிப்பீர்கள். சனிக்கிழமை படுக்கை விரிப்பைத் துவைத்து, வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டு, ராத்திரி அதே விரிப்பை விரித்துக் குறுக்காகப் படுப்பது. கத்தரிக்கோல் வைத்த இடத்திலேயே இருப்பது (கல்யாணமானவர்களே, இந்த ஒன்றுக்காவது பொறாமைப்படுங்கள்). ஜன்னலோரம் ஒரு மணி பிளான்ட் இருக்கிறது. அது புது இலை விடும்போது சுருட்டின காகிதம் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். சில நாள் அப்படியே முறுக்கிக்கொண்டு நிற்கும், பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால் பாதி விரிந்திருக்கும். அதைப் பார்க்கவென்றே ஆபீசிலிருந்து வழியில் எங்கும் நிற்காமல் வந்த நாள் உண்டு. “பாவம்டா இவன்” என்று இப்போது உங்களில் ஒருவர் நினைத்தீர்கள். நினைத்தீர்களா இல்லையா?

அந்தப் ‘பாவம்’ இருக்கிறதே, அது ‘தானே’வின் ஒன்றுவிட்ட தம்பி.

காமராஜரைச் சொல்லுங்கள், கலாமைச் சொல்லுங்கள், கல்யாணம் செய்துகொள்ளாததைப் பெருமையாகச் சொல்வோம். நாட்டுக்காக இருந்தார்கள். ஜெர்மன் தத்துவஞானி காண்ட் சிந்தித்தார், மின்சார விஞ்ஞானி டெஸ்லா கண்டுபிடித்தார். சரி. நான் நாட்டுக்கு ஒன்றும் செய்யவில்லை. மாதக் கடைசியில் கணக்கு முடித்துக் கொடுக்கிறேன், அவ்வளவுதான். சாதித்தவன் தனியாக இருந்தால் தவம், சாதாரணமானவன் தனியாக இருந்தால் காலியிடமா? இத்தனைக்கும் அந்த டெஸ்லா கடைசிக் காலத்தில் நியூயார்க்கர் ஹோட்டலில் இருந்தார். 1943-ல் இறந்ததும் அங்கேதான். புறாக்கள் மேல் உயிரையே வைத்திருந்தார், ஊரே கிறுக்கு என்றது. ஆனாலும் அவருடைய கதவில் 3327 என்று ஒரு எண் இருந்தது. கதவு, ஐயா, கதவு. நான் கேட்டதும் அதுதான்.

இனி, வரப்போகும் பதில்கள். எனக்கே தெரியும்.

“குழந்தை குட்டியோட இருக்கவங்க கஷ்டம் உனக்குத் தெரியாது.” தெரியாதுதான். ஆனால் உங்கள் மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் பிறந்தநாள் நினைவு வைத்திருப்பது யார்? பால் பவுடருக்கு ராத்திரி 11 மணிக்கு ஓடியது யார்? அந்த அறை உண்மையிலேயே பிள்ளைகள் படுக்கத் தேவைப்பட்டிருந்தால் நானே தலையணையை எடுத்துக்கொண்டு வெளியே வந்திருப்பேன். பெட்டிகளுக்காக வரமாட்டேன்.

“தனியா வாழற பொண்ணுங்களுக்கு இதைவிட மோசம்.” ஆமாம். மோசம்தான். இதில் வாதாட ஒன்றுமில்லை.

“தனிமை உடம்புக்குக் கெடுதல், நாளைக்கு 15 சிகரெட் குடிக்கிற மாதிரி.” இதை எனக்கு ஃபார்வர்டு செய்தவர்கள் மட்டும் ஏழு பேர், அதில் இரண்டு பேர் நிஜமாகவே சிகரெட் குடிக்கிறவர்கள். அது 2023-ல் அமெரிக்க சர்ஜன் ஜெனரல், அதாவது பொது சுகாதாரத்துக்கான அந்நாட்டு அரசின் தலைமை மருத்துவர், வெளியிட்ட அறிக்கையில் வருவது. அதில் சொல்லியிருப்பது மனிதத் தொடர்பு அற்றுப்போவதைப் பற்றி. தாலி கட்டாததைப் பற்றி அல்ல. கல்யாணமாகி ஒரே கட்டிலில் இரண்டு போனோடு இரண்டு பக்கம் திரும்பிப் படுத்திருப்பவர்களுக்கும் அந்த அறிக்கை பொருந்தும், படித்துப் பாருங்கள். தனிமை வேறு, ஏகாந்தம் வேறு. இரண்டுக்கும் நம்மிடம் தனித்தனிச் சொல் இருக்கிறது. காண்ட் சாகும்வரை கட்டை பிரம்மச்சாரி. சொந்த வீடு வாங்கியதே 1783-ல், 60 வயதை நெருங்கும்போது. அந்த மனிதர் விருந்துக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்: மேஜையில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது, ஒன்பது பேரைத் தாண்டக் கூடாது. தனியாக வாழ்ந்தவர்தான், தனியாகச் சாப்பிடப் பிடிக்காது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். என்னிடமும் இருக்கிறது. இல்லையென்றால் உங்களோடு டூருக்கு எதற்கு வருகிறேன்?

“அப்ப கல்யாணம் பண்ணிக்க வேண்டியதுதானே?” பாருங்கள், இங்கேயும் ஒரு ‘தானே’. ஏதோ கடையில் போய் வாங்கிவரச் சொல்வது மாதிரி. ஏன் ஆகவில்லை என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை ஆகியிருக்க வேண்டியது, ஆகவில்லை, முடிந்தது. இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி 1927-ல் கல்யாணமாகாத ஆண்களுக்கு வரி போட்டான், 25 வயதிலிருந்து 65 வரைக்கும். வரியைக் கட்டிவிட்டால் ஆளை விட்டிருப்பான். நீங்கள் வருடம் முழுக்கக் கேள்வி கேட்கிறீர்கள். ரோமாபுரியில் இன்னும் வேடிக்கை. கி.பி. 9-ல் பேரரசன் அகஸ்டஸ் காலத்தில் எல்லோரையும் கல்யாணம் செய்யச் சொல்லி ஒரு சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த பாப்பியஸ், பொப்பேயஸ் என்ற இரண்டு கான்சல்களும் (அந்த ஊர் உயர்பதவி அதிகாரிகள்) கல்யாணமாகாதவர்கள்! சட்டத்துக்கு அவர்கள் பெயரையே வைத்தார்கள். எனக்கு இந்த இருவரையும் மிகவும் பிடிக்கும். அவர்களையும் யாரோ “சிங்கிள்தானே, இதுல கையெழுத்துப் போடு” என்று சொல்லியிருப்பார்கள்.

நான் ஒன்றும் தனி வாழ்க்கைக்கு விளம்பரம் எழுதவில்லை. முதுகில் கை எட்டாத ஓர் இடம் எல்லோருக்கும் உண்டு, எனக்கு அதற்குக் கதவு நிலைதான் துணை. ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றும்போது கீழே பிடித்துக்கொள்ள ஆளிருந்தால் நன்றாகத்தான் இருக்கும். காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரை நானே வைத்து, நானே எடுத்து, நானே படித்து, நானே பயந்துகொள்ள வேண்டும். டூர் முடிந்து இறங்கியதும் குரூப்பில் எல்லோரும் “வீடு வந்து சேந்துட்டோம்” என்று போட்டார்கள். ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள். நானும் போட்டேன். என்னைக் கேட்டு நான் போடவில்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரிகிறது, உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

சோபா புதிதில்லை என்றேனே.

அப்பா படுக்கையில் விழுந்தபோது வீட்டில் உட்கார்ந்து பேசினோம். பேசினோம் என்றுகூடச் சொல்ல முடியாது. “தம்பி பாத்துக்குவான், அவன் தனியாத்தானே இருக்கான்” என்றாள் அக்கா. அத்தான் தலையாட்டினார். அதோடு முடிந்தது. ஏழு மாதம். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்றார் நர்ஸ். போனில் அலாரம் வைத்து, அப்பா அறையிலேயே ஒரு சோபாவில் படுத்துக்கொண்டேன். முதல் மாதத்துக்குப் பிறகு அலாரத்துக்கு முன்னாலேயே கண் விழித்துவிடும். காலையில் அவருக்குச் சவரம் செய்துவிடுவேன். முடிந்ததும் கன்னத்தைத் தடவிப் பார்த்து, “இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்குடா” என்பார். இருக்காது. ஆனாலும் இன்னொருமுறை இழுப்பேன். அவருக்கு அது பிடிக்கும். என் வாழ்க்கையின் நல்ல காலைகள் எவை என்று கேட்டால் அதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் எனக்குத் துளி வருத்தம் கிடையாது. யாரும் இதைத் திரித்துச் சொல்ல வேண்டாம். “உன்னால முடியுமாடா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் “என்னைத் தவிர யார் பாக்கறது?” என்று நானே சண்டை போட்டு வாங்கியிருப்பேன். கேட்கவில்லை. எனக்கு ஒரு வேலை இருந்தது, விரிப்பு இருந்தது, செடி இருந்தது, அந்தச் சமயத்தில் பேசிக்கொண்டிருந்த ஒருவர்கூட இருந்தார். எல்லாம் ‘தானே’க்குள் அடங்கிவிட்டது. மலை வீட்டு ஹாலில், அந்த விளக்கு வெளிச்சத்தில், சரியாக இரண்டு மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. புரட்டிவிட ஆள் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க வந்தவன்தான் “வாட்ச்மேன் முழிச்சிருக்காரே” என்றான். தலைப்பு அங்கேதான் பிறந்தது.

டிசம்பர் டூருக்குக் குரூப்பில் நேற்று பெயர் கேட்டார்கள். “1 ஆள், 1 அறை, கதவோடு” என்று போட்டேன். கீழே “ஏன்டா இவ்ளோ சீரியஸாயிட்ட?” என்று ஒருத்தன். அவனுக்குத்தான் இவ்வளவு நீளப் பதில்.

அக்கா முகநூலில் இல்லை. அத்தான் இருக்கிறார், படித்துக் காட்டினால் காட்டட்டும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 9 மணிக்கு ஒரு வாரம்கூட விடாமல் எனக்கு ஒரு போன் வரும். சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா, இந்த இரண்டு கேள்விதான். பதிலைக் காதில் வாங்காமல் தன் வீட்டுக் கதையை ஆரம்பித்துவிடுவாள். வாரம் முழுக்க நான் காத்திருப்பதும் அதற்குத்தான்.

போன் அடிக்கிறது. அக்காதான்.